1965 குவார்ட்டர் வெள்ளியா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் இருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் கையில் மிச்சமிருக்கும் சில்லறையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் அப்படியே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைந்துவிட்டது. நாணயம் சேர்ப்பதில் எனக்கு ஆசை வந்தது அதைக் கொட்டிப் பார்த்த நாளில்தான். தவறுகளும் அங்கேயே தொடங்கின.

முதலில் நடந்தது என்னவென்று பார்த்துவிடலாம். 1964 வரை அமெரிக்காவின் 10 சென்ட் டைம், 25 சென்ட் குவார்ட்டர், 50 சென்ட் ஹாஃப் டாலர் மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி இருந்தது. வெள்ளி விலை ஏற ஏற மக்கள் காசைப் பதுக்கினார்கள், கடைகளில் சில்லறைத் தட்டுப்பாடு. 1965 ஜூலை 23 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி டைமும் குவார்ட்டரும் மூன்றடுக்கு ஆயின. நடுவில் சுத்தச் செம்பு, மேலும் கீழும் செம்பும் நிக்கலும் கலந்த மெல்லிய தகடு. இதைத்தான் கிளாட் என்கிறார்கள்.

பழைய வெள்ளி நாணயங்களை ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை. 1964 என்ற ஆண்டையே போட்டு 1966 தொடக்கத்திலும் வெள்ளியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் 1965 என்று பொறித்த கிளாட் நாணயங்களும் அச்சாகின. அச்சடிக்காத வெற்று வட்டத்தை வில்லை என்று வைத்துக்கொள்வோம். வில்லைகள் போகும் தொட்டியின் மூலையில் ஒரு பழைய வெள்ளி வில்லை ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு புதிய அச்சுக்குள் விழுந்தால் போதும், 1965 என்று பொறித்த வெள்ளி நாணயம் பிறந்துவிடும். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: 1964 என்று பொறித்த கிளாட் நாணயமும் உண்டு. ஆண்டு ஒன்று சொல்ல, உலோகம் வேறொன்று சொல்கிறது. சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவது இந்த முரணைத்தான்.

எல்லாரும் செய்யும் பெரிய தவறு, விளிம்பை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது. கிளாட் நாணயத்தின் விளிம்பில் செம்புக் கோடு தெரியும், வெள்ளியில் தெரியாது என்பது சரிதான். ஆனால் தகட்டிலிருந்து வில்லையை வெட்டி எடுக்கும்போது மேல் அடுக்கு இழுபட்டு விளிம்பில் பூசிக்கொள்வதுண்டு, அப்போது கோடு பாதி மறைந்துவிடும். வெள்ளி முலாம் பூசினாலோ முழுவதும் மறையும். நான் ஏமாந்ததும் அதில்தான். 1965 குவார்ட்டர், விளிம்பு முழுக்க வெண்மை. ஒரு வியாபாரியிடம் பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 5.68 கிராம்.

வெள்ளிக் குவார்ட்டர் 6.25 கிராம் இருக்க வேண்டும். கிளாட் 5.67. அனுமதித்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தாலும் கிளாட் 5.90ஐத் தாண்டாது. ஆக, முதல் வேலை எடை. அதற்கும் இரண்டு தசம இடம் காட்டும் தராசு வேண்டும். டைமில் வெள்ளி 2.50, கிளாட் 2.27. ஒரு தசமத் தராசில் இதை நம்பிச் சொல்ல முடியாது.

எடை சரியாக வந்தாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள், அடர்த்தியையும் பாருங்கள். சிறிய டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு ஏறத்தாழ 0.60 காட்டினால், 6.25ஐ அதால் வகுங்கள். 10.3க்குப் பக்கத்தில் வந்தால் 90 சதவீத வெள்ளியின் அடர்த்தி அது. என் நாணயம் 0.64 காட்டியது. 5.68ஐ 0.64ஆல் வகுத்தால் 8.9. கிளாட்தான், மேலே பூச்சு.

நம் ஊரில் கை உடனே உரைகல்லைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். உரசினால் நாணயத்தில் கீறல் விழும், உண்மையான பிழை நாணயமாக இருந்தால் அதன் மதிப்பையும் கொண்டு போய்விடும். விளிம்பை அரம் போட்டுப் பார்ப்பது, புளி போட்டுத் தேய்ப்பது எல்லாம் இதே கணக்கில்தான். நகைக்கடை எக்ஸ்ரே கருவி கீறாது, ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கிறது. முலாம் பூசியதையும் வெள்ளி என்றே சொல்லக்கூடும். காந்தமும் உதவாது, வெள்ளியும் ஒட்டாது, கிளாடும் ஒட்டாது.

அப்புறம், பிழையே அல்லாததைப் பிழை என்று நினைப்பது. 1965 முதல் 1967 வரை எந்த அமெரிக்க நாணயத்திலும் அது அச்சான நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்து இல்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். 1965 முதல் 1970 வரையிலான ஹாஃப் டாலரில் 40 சதவீதம் வெள்ளி இருப்பதும் இயல்புதான், 11.50 கிராம். 1971இல் டென்வரில் அடித்து டி எழுத்து உள்ள ஹாஃப் டாலர், கிளாட் எடையான 11.34 கிராமுக்குப் பதில் 11.50 காட்டினால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். அந்த ஆண்டு சில பழைய வில்லைகள் அச்சுக்குள் போயிருக்கின்றன. இங்கே எடை வித்தியாசம் மிகக் குறைவு, அடர்த்தியும் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறமாக இருக்கும் குவார்ட்டரையும் பலர் காட்டுகிறார்கள். மேல் அடுக்கு ஒன்று உரிந்துபோன வில்லையில் அச்சானது என்றால் எடையில் ஆறில் ஒரு பங்கு குறைய வேண்டும், அதாவது 4.7 கிராம் அளவில் நிற்க வேண்டும். 5.6 காட்டினால் அது மண்ணில் கிடந்து நிறம் மாறியது. அமிலத்தில் ஊறிய நாணயமும் எடை குறையும், ஆனால் எழுத்தும் உருவமும் சேர்ந்தே மழுங்கியிருக்கும்.

எனக்கு மனம் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. 1964 என்று கண்டதும் எடை போடாமல் வெள்ளிக் குவியலில் தள்ளி, உருக்கக் கொடுத்துவிடுகிறார்கள். 1964 கிளாட் அந்தக் குவியலில்தான் ஒளிந்திருக்கும். என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த 1964 குவார்ட்டர்கள் பதினொன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தேன். எல்லாமே 6.1க்கு மேல். இப்போதும் யார் 1964 கொண்டுவந்தாலும் தராசில் வைக்காமல் திருப்பித் தருவதில்லை.