ஊருக்குள்ள இருக்குற குட்டிக் காட்டுல புதையல் வேட்டையா? இதெல்லாம் பண்ணாதீங்க

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் லீவு நாள்ல பசங்களக் கூட்டிக்கிட்டு ஏரிக்கரைத் தோப்பு, மரம் அடர்ந்த இடம்னு ட்ரெஷர் ஹண்ட் போறது நல்ல விஷயம்தான், ஆனா அதக் கெடுக்கறது முக்காவாசி பெரியவங்கதான்.

சாக்லேட்டு, பொம்மையெல்லாம் கொண்டுபோய் மரப்பொந்துலயும் கல்லுக்கு அடியிலயும் ஒளிச்சு வைக்கிறாங்க பாருங்க, அதான் பெரிய தப்பு. பொந்துல ஆந்தை, கிளி, மைனா குடும்பம் நடத்திட்டு இருக்கும், கல்லுக்கடியில தேள் கிடக்கும், அங்கெல்லாம் கைய விடுடான்னு நாமளே பழக்கிவிட்ட மாதிரி ஆயிடும். கண்டுபிடிக்காத கவரெல்லாம் அங்கயே குப்பை வேற. எதையும் ஒளிக்கவே வேணாம், புழு தின்னு ஓட்டையான இலை, ரெக்கை வச்ச விதை, அணில் கடிச்சுப் போட்ட காய்னு ஒரு லிஸ்ட் குடுங்க, அதுவே ஒரு மணி நேரம் ஓடும்.

லிஸ்ட்ல "செவப்பு விதை"ன்னு மட்டும் மொட்டையா எழுதாதீங்க. முழுசா செவப்பா இருந்தா மஞ்சாடி, கருப்பு மூக்கு வச்சிருந்தா குண்டுமணி, அதுல அப்ரின்னு கடுமையான விஷம் இருக்கு. மேல்தோல் கெட்டிங்கறதால முழுசா முழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துரும், ஆனா கடிச்சாலோ மாலை கோக்க ஊசியால ஓட்டை போட்டாலோ ஆபத்துதான், வாயில போட்டாங்கன்னு தெரிஞ்சா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அரளி, ஊமத்தங்காய் பக்கமும் பசங்க போகாமப் பாத்துக்கங்க.

அரை டவுசர், ரப்பர் செருப்போட போனா செந்தட்டி உரசி சாயங்காலம் வரைக்கும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கணும்.

அப்புறம் ஊருக்குள்ள இருக்குற தோப்பும், வனத்துறையோட காப்புக்காடும் வேற வேற. ரோட்டோரமா இருக்கு, சின்னதாத்தான தெரியுதுன்னு ஓசூர் பக்கத்து சானமாவு காப்புக்காடு மாதிரி இடத்துல பசங்களோட இறங்கிடாதீங்க, கேப்பை விளையற சீசன்ல கர்நாடகாவோட பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் வர்ற வழி அது. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போறது குற்றமும்கூட.

கூடு, முட்டை எதையும் எடுக்க விடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டம் பல பறவைகளோட முட்டைக்கும் சேத்துதான் பாதுகாப்பு குடுக்குது. போட்டோ எடுத்தா போதும்.

யாரு நெறைய சேத்தாங்களோ அவங்களுக்கு பர்ஸ்ட் பிரைஸ்னு சொல்லிட்டா செடியையே மொட்டையடிச்சுருவாங்க. பரிசு குடுத்தே ஆகணும்னா திரும்பி வரும்போது ஆளுக்கொரு போண்டா வாங்கிக் குடுத்துருங்க.