அமெரிக்காவில் ஜர்னலிசம் பட்டம்: கடனையும் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவது எப்படி?

"ஜர்னலிசம் படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னதுமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "அதில் என்ன சம்பளம் வரும்?" என்பது ஒன்று. "பிடித்ததைப் படிக்கட்டுமே" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியிடமும் எண் இருக்காது. ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் இருந்தால் ஒரே மாலையில் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: கல்லூரியின் எண்ணை எடுங்கள்

அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்ற இலவச இணையதளம் இருக்கிறது. கல்லூரிப் பெயரைப் போட்டு, பாடப்பிரிவுகளில் ஜர்னலிசத்தைத் திறந்தால், அதை முடித்தவர்களின் சம்பளமும் அவர்கள் வாங்கியிருந்த கடனும் தெரியும். 'கம்யூனிகேஷன் அண்ட் மீடியா ஸ்டடீஸ்' என்பது வேறு பிரிவு. பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் பட்டம் எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும். சிறிய துறையாக இருந்தால், தனிப்பட்டவர் விவரம் வெளியே தெரியாமலிருக்க எண்ணை மறைத்துவிடுவார்கள். அந்த இடம் காலியாக இருந்தால் துறை மோசம் என்று அர்த்தமில்லை.

படி 2: அந்த எண் யாருடையது என்று பாருங்கள்

அவசரப்படக்கூடாத இடம் இது. அங்கே காட்டும் சம்பளம் சராசரி இல்லை, மீடியன். அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. பாதிப் பேர் அதற்கும் கீழே இருக்கிறார்கள். மத்திய அரசின் கடனோ உதவித்தொகையோ வாங்கிப் படித்தவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். வேலை இல்லாமல் இருப்பவர்களும், மேலே படித்துக்கொண்டிருப்பவர்களும் அதில் இல்லை.

அதைவிட முக்கியம்: இது பட்டத்தை வைத்து எடுத்த கணக்கு, வேலையை வைத்து எடுத்ததல்ல. ஜர்னலிசம் முடித்தவர்களில் நிறையப் பேர் பி.ஆர். (மக்கள் தொடர்பு), மார்க்கெட்டிங், நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவு என்று போய்விடுகிறார்கள். அவர்களுடைய சம்பளமும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் எண். செய்தி அறையில்தான் வேலை செய்வேன் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். செய்தியாளர்களின் மீடியன் சம்பளம் ஆண்டுக்கு 57,500 டாலர் என்று தொழிலாளர் புள்ளியியல் துறை 2023 மே மாதக் கணக்கில் சொன்னது. அதில் இருபது வருடம் அனுபவம் உள்ளவர்களும் அடக்கம். சிறிய ஊர்ப் பத்திரிகையில் சேரும் 22 வயதுக்காரருக்கு அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

படி 3: வீட்டின் மொத்தக் கடனைக் கூட்டுங்கள்

பெற்றோரைச் சார்ந்து இருக்கும் இளநிலை மாணவர் மத்திய அரசிடம் முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500 டாலர் வரைதான் கடன் வாங்க முடியும். நான்கு ஆண்டுக்கு 27,000. ஜர்னலிசமோ இன்ஜினியரிங்கோ, இதே வரம்புதான். அதனால்தான் செலவு அதிகமான கல்லூரியிலும் மாணவர் கடன் பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும். மீதியை 'பேரன்ட் பிளஸ்' என்ற மத்திய அரசுக் கடனாக அப்பா அம்மா வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் தனியார் வங்கியில் வாங்கியிருப்பார்கள். தனியார் கடன் ஸ்கோர்கார்டில் வராது. பெற்றோர் கடன் தனியாகத்தான் வரும்.

ஆகவே கல்லூரியின் 'நெட் பிரைஸ்', அதாவது உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டிய தொகை, எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். இதற்கான கால்குலேட்டரை ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதை நான்கால் பெருக்கி, கையில் உள்ள சேமிப்பைக் கழியுங்கள். வருவதுதான் உண்மையான கடன், யார் பெயரில் இருந்தாலும்.

படி 4: மாதா மாதம் என்ன மிஞ்சும்?

கற்பனையாக இரண்டு கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். 'அ'வில் படித்தால் ஆண்டுச் சம்பளம் 42,000 டாலர், கடன் 27,000. 'ஆ' பேர்போன கல்லூரி. சம்பளம் 48,000, கடன் மொத்தம் 90,000. அதில் 63,000 பெற்றோர் பெயரில்.

2025-26 கல்வியாண்டின் வட்டி இளநிலை மாணவர் கடனுக்கு 6.39 சதவீதம், பேரன்ட் பிளஸ் கடனுக்கு 8.94 சதவீதம். பத்தாண்டில் அடைப்பதாக வைத்தால் 'அ'வுக்கு மாதத் தவணை சுமார் 305 டாலர். 'ஆ'வுக்கு 305-உம் 796-உம் சேர்த்து சுமார் 1,101.

வரி போகக் கைக்கு வருவது 'அ'வில் மாதம் 2,850, 'ஆ'வில் 3,200 என்று தோராயமாக வைப்போம். தவணை கட்டியபின் 'அ'வில் 2,545 மிஞ்சும், 'ஆ'வில் 2,099. ஆண்டுக்கு 6,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தும் அந்தக் குடும்பத்துக்கு மாதம் 446 டாலர் குறைகிறது. அதிலும் 796 டாலரைக் கட்டப்போவது ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பெற்றோர்.

தவணைக் காலத்தை நீட்டினால் மாதச் சுமை குறையும் என்பார்கள். குறையும்தான். அதே 27,000-ஐ 15 ஆண்டுக்கு நீட்டினால் மாதம் 234 ஆகிவிடும். ஆனால் வட்டி மட்டும் சுமார் 9,600-லிருந்து 15,000-க்கு ஏறும். அதனால் கல்லூரிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தைப் போடுங்கள்.

மாஸ்டர்ஸ் போகிறவர்களுக்கு

2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு 'கிராட் பிளஸ்' என்ற, மேற்படிப்புக்கான மத்திய அரசுக் கூடுதல் கடன் கிடையாது. ஜர்னலிசம் போன்ற மேற்படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் வரைதான். அதற்கு மேல் தேவைப்படும் படிப்பு என்றால் தனியார் கடன்தான் வழி. நியூயார்க்கில் சிட்டி பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நியூமார்க் ஜர்னலிசம் பள்ளி போல, மாணவர்களில் கணிசமானோருக்குக் கல்விக் கட்டணத்தையே நீக்கிவரும் இடங்களும் உண்டு. பட்டியலில் முதலில் அவற்றைச் சேருங்கள்.

மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு மேலே சொன்ன மத்திய அரசுக் கடன் எதுவும் கிடைக்காது, ஸ்கோர்கார்டு கணக்கிலும் அவர்கள் இல்லை. நீங்கள் அந்த வகை என்றால் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: கடந்த மூன்று ஆண்டில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு எந்தச் செய்தி நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் "பலர்" என்று பதில் வந்தால், எண்ணிக்கையைக் கேட்டு மறுபடி எழுதுங்கள். முன்பணம் கட்டுவது அந்தப் பதில் வந்தபிறகு இருக்கட்டும்.