மட்டக்களப்பு வெயிலில் ஸ்கோன் சுடுவது

பிரித்தானியர் தேத்தண்ணியோடு சாப்பிடும், பணிஸ் போன்ற சின்னப் பண்டம் ஸ்கோன். அதற்கு ஈஸ்ட் வேண்டாம், மா பொங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாவையும் பட்டரையும் முதலே குளிர்த்தி வைத்திருந்தால், கலக்கத் தொடங்கியதிலிருந்து முக்கால் மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணியோடு மேசைக்கு வந்துவிடும். பணிஸ் சுடுகிற வேலையில் பாதிகூட இல்லை. இருந்தும் எங்கள் பக்கத்து வீடுகளில் அது அடிக்கடி தட்டையாகப் பரந்து, ஆறியதும் இறுகிப்போகிறது. பெரும்பாலும் சூடுதான் காரணம். பிரித்தானியாவின் குளிர்ந்த குசினிகளில் வளர்ந்த பண்டம் இது. அங்கே மேசையில் கிடக்கும் பட்டர் அப்படியே கட்டியாக நிற்கும். கல்முனையிலோ காத்தான்குடியிலோ பகல் பதினொரு மணிக்குப் பட்டரை வெளியே எடுத்து வைத்தால், மாவை அளந்து முடிப்பதற்குள் விரல் உள்ளே இறங்கும். அங்கத்தைய குறிப்புகள் "குளிர்ந்த பட்டர்" என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுப் போவதை, இங்கே நாங்கள் தனி வேலையாகவே எடுத்துச் செய்ய வேண்டும்.

ஏழு எட்டு ஸ்கோனுக்கான அளவு இது:

கோதுமை மா 250 கிராம்
பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, மட்டமாக வழித்தது
சீனி 30 கிராம்
உப்பு கால் தேக்கரண்டி (உப்புப் பட்டர் என்றால் ஒரு சிட்டிகை)
பட்டர் 60 கிராம்
குளிர்ந்த பால் 150 மில்லிலீற்றர்
மேலே பூச இன்னும் கொஞ்சம் பால், அல்லது ஒரு முட்டை

தராசு இருந்தால் அதையே பாவியுங்கள். கோப்பையால் அளந்தால், ஒருவர் தளர்த்திப் போடுவார், இன்னொருவர் தட்டி நிரப்புவார். 250 கிராம் சுலபமாக 300 ஆகிவிடும், பிறகு பால் போதவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருக்க நேரும். கடையில் சாதாரணமாக விற்கும் வெள்ளைக் கோதுமை மா போதும். ஆட்டா மா போட்டால் ஸ்கோன் கனத்துவிடும். செல்ஃப் ரெய்சிங் மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதைப் பாவித்தால் மேலதிகமாக அரைத் தேக்கரண்டி மட்டும் போடுங்கள்.

வீட்டில் பால்மாதான் இருக்கிறது என்றால் கவலையில்லை. 150 மில்லிலீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பால்மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, நன்றாகக் குளிரவிடுங்கள். சுடுதண்ணீரில் கரைத்த கையோடு ஊற்றினால் பட்டர் அந்த இடத்திலேயே உருகிவிடும்.

பட்டருக்குப் பதில் கட்டியாக விற்கும் மாஜரின் பாவிக்கலாம், மணம் கொஞ்சம் குறையும். டப்பாவில் வரும் மென்மையான மாஜரின் இதற்குச் சரிவராது. தேங்காயெண்ணெயைப் பிரிஜ்ஜில் உறைய வைத்துப் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அது 24 பாகைக்கு மேலே போனதும் உருகத் தொடங்கும். எங்கள் குசினியில் அந்தச் சூடு விடியற்காலையில்கூட இருக்கும்.

பேக்கிங் பவுடரைச் சோதிக்காமல் தொடங்காதீர்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், திறந்து மடித்து வைத்த பக்கற் சீக்கிரம் செத்துவிடும். மாரி காலத்தில் இன்னும் கெதியாக. கால் கோப்பை சுடுதண்ணீரில் அரைத் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். சத்தத்தோடு நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. சோம்பலாக நாலு குமிழி விட்டால் குப்பையில் போடுங்கள். ஒன்றுக்கு இரண்டு மடங்கு போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் கசப்புத்தான் மிஞ்சும்.

இனிக் குளிர்த்தும் வேலை. பட்டரை அளந்து வெட்டி, ஒரு மணித்தியாலம் பிரீசரில் வையுங்கள். மா, சீனி, உப்பு, பேக்கிங் பவுடர் நான்கையும் அகலமான பாத்திரத்தில் ஒன்றாக அரித்து, பாத்திரத்தோடு பிரிஜ்ஜில் அரை மணித்தியாலம் வையுங்கள். பாலும் உள்ளேயே இருக்கட்டும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இந்த வேலையை விடியப்புறம் அல்லது பொழுதுபட்ட பிறகு செய்வது நல்லது. மின்விசிறியை நிற்பாட்டத் தேவையில்லை, மா பறக்காத தூரத்தில் இருந்தால் போதும்.

எதையும் கலக்கும் முன்னரே அவனை (oven, வெதுப்படுப்பை) போட்டுவிடுங்கள். 220 பாகை; விசிறியுள்ள அவன் என்றால் 200. எங்கள் வீடுகளில் அதிகம் இருக்கிற சின்ன மின்சார அவன்களில் வெளிச்சம் அணைந்ததும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் இன்னும் சூடேறியிருக்காது. முழுதாக 20 நிமிடம் விடுங்கள். ஸ்கோனின் உயர்ச்சி முதல் ஐந்தாறு நிமிடத்தில் தீர்மானமாகிவிடும். அந்த நேரத்தில் அவன் மந்தமாக இருந்தால், பட்டர் மெல்ல உருகி வெளியே வழியும், மா பக்கவாட்டில் சரியும்.

உறைந்த பட்டரைக் கரட் துருவும் துருவியின் பெரிய துளையில், மாவுக்கு மேலேயே துருவுங்கள். நுனியை ஒரு கடதாசியால் பிடித்துக்கொண்டால் கைச்சூடு படாது. நடுவில் இரண்டு மூன்று தடவை முள்ளுக்கரண்டியால் கிளறிவிட்டால் துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு விரல் நுனிகளால் மட்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல், மாவோடு உதிர்த்துவிடுங்கள். உள்ளங்கை படவே கூடாது. பார்த்தால் பெரும்பகுதி பாண்தூள் போலவும், இடையிடையே பயறளவு பட்டர் துண்டுகளோடும் இருக்க வேண்டும். அந்தத் துண்டுகளை அழகுக்காக நசுக்கிவிடாதீர்கள். பட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவில் தண்ணீர் இருக்கிறது. அவனுக்குள் போனதும் அது ஆவியாகி மாவை மேலே தள்ளும். பட்டர் இருந்த இடம் காலியாகி அடுக்காக நிற்கும். பட்டர் முதலே உருகி மாவில் ஊறிவிட்டால் அடுக்கு வருவதற்கு இடமே இல்லை. இந்தக் கட்டத்தில் பட்டர் பளபளப்பாகத் தெரிந்தால், வேலையை விட்டுப் பாத்திரத்தை 15 நிமிடம் பிரீசரில் வையுங்கள்.

பாலில் இரண்டு மேசைக்கரண்டியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஒரே தடவையில் ஊற்றி, கத்தியின் தட்டைப் பக்கத்தால் வெட்டி வெட்டிக் கலவுங்கள். மாரியில் மா தானாகவே ஈரத்தை இழுத்திருக்கும், ஒதுக்கிய பால் தேவைப்படாது. கச்சான் காலத்தில் முழுவதும் தேவைப்படலாம். கலவை கரடுமுரடாக, அங்கங்கே காய்ந்த மா தெரிய, கையில் இலேசாக ஒட்டும் பதத்தில் இருந்தால் போதும். ரொட்டிக்குக் குழைக்கும் பழக்கம் உள்ள கை இந்த இடத்தில்தான் கெடுக்கும்: குழைக்கக் குழைக்க மாவிலுள்ள புரதம் இழையாகி இறுகும். பராட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், ஸ்கோனுக்கு அதுதான் எதிரி.

மா தூவிய பலகையில் கொட்டி, கையால் ஒன்றுசேர்த்து, தட்டையாக அமர்த்தி, இரண்டாக மடியுங்கள். அரைவட்டம் திருப்பி மறுபடி அமர்த்தி மடியுங்கள். இப்படி மூன்று தடவை, அதற்கு மேல் வேண்டாம். பிறகு இரண்டரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டுங்கள். உருளைக்கட்டை தேவையில்லை. இதைவிட மெல்லியதாகத் தட்டினால் எவ்வளவு நல்ல மாவும் எழும்பாது.

வெட்டுவதற்கு எல்லோரும் தண்ணீர்க் கிளாசைத் தேடுவார்கள். கிளாசின் தடித்த விளிம்பு ஓரத்தை நசுக்கி ஒட்டிவிடும். ஒட்டிய ஓரம் திறந்து எழும்பாது. மெல்லிய விளிம்புள்ள ஐந்து, ஐந்தரைச் சென்ரிமீற்றர் அச்சு இருந்தால், மாவில் தொட்டு, நேராக அமர்த்தி நேராகவே தூக்குங்கள். திருகினால் ஸ்கோன் ஒரு பக்கம் சாயும். அச்சு இல்லாதவர்களுக்குச் சதுரமே மேல். 18 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலத்தில் தட்டி, கூரான கத்தியை மேலிருந்து கீழாக ஒரே அழுத்தில் இறக்கி, இரண்டு வரிசையில் நான்கு நான்காக வெட்டினால் எட்டும் ஒரே அளவில் வரும். வெட்டுத்துண்டு மிஞ்சாது, திரும்பக் குழைக்கும் வேலையும் இல்லை. நாற்பக்க ஓரங்களையும் நூலளவு சீவிவிட்டால் இன்னும் உயரமாக எழும்பும்.

தட்டில் ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கமாக இருந்தால் பரவ இடமில்லாமல் மேலே போகும். இனி தட்டோடு 10 நிமிடம் பிரீசரில் வையுங்கள். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. கையும் பலகையும் கொடுத்த சூட்டைப் பட்டரிலிருந்து இறக்குவது இந்தப் பத்து நிமிடம்தான். எடுத்ததும் மேற்பரப்பில் மட்டும் பால் அல்லது அடித்த முட்டை பூசுங்கள். பக்கவாட்டில் வழிந்தால் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு, சரிந்து எழும்பும்.

நடுத்தட்டில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். முதல் 10 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். சின்ன அவனில் மேல்கம்பி கிட்ட இருப்பதால் தலை மட்டும் கெதியாகக் கறுக்கும். ஒரு தட்டு கீழே இறக்கி, பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு மேலே அலுமினியத் தாள் ஒன்றைப் போட்டுவிடலாம். அடி கருகுகிற அவன் என்றால் இரண்டு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வெந்ததை மேல்நிறத்தில் பார்க்காதீர்கள். ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள்: பொன்னிறமாகக் காய்ந்திருந்து, பக்கத்தை அமர்த்தினால் பள்ளம் நிற்காமல் மீண்டால் சரி.

படுவான்கரைப் பக்கத்திலிருந்து சட்டிகளில் வரும் எருமைத் தயிர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பாலை மட்டும் நம்பி இருக்கத் தேவையில்லை. 100 கிராம் தயிரை 60 மில்லிலீற்றர் குளிர்தண்ணீரில் அடித்து, பாலுக்குப் பதிலாக ஊற்றுங்கள். அப்போது பேக்கிங் பவுடரை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்து, கால் தேக்கரண்டி அப்பச்சோடா சேருங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயு விடும், உள்ளே பஞ்சாக வரும். ஆனால் இந்த வாயு ஈரம் பட்டதும் வெளிவரத் தொடங்கும், அடுப்புச் சூட்டுக்காகக் காத்திருக்காது. ஆகவே மடிப்பையும் வெட்டையும் சுறுக்காக முடித்துவிடுங்கள். சோடா கூடினால் சவர்க்காரச் சுவை வரும். மாவோடு சேர்த்து அரிக்காமல் விட்டால் மஞ்சள் புள்ளி புள்ளியாகத் தெரியும். சட்டி திறந்து மூன்று நாளாகிக் கடும் புளிப்பாகிவிட்ட தயிரை இதற்கு எடுக்காதீர்கள்.

கொஞ்சம் தடல்புடலாக வேண்டுமென்றால் 50 கிராம் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), 40 கிராம் கஜு சேர்க்கலாம். பிளம்சைப் பத்து நிமிடம் சுடுதண்ணீரில் ஊறவிட்டுத் துணியில் ஒற்றி, ஆறவைத்துப் போடுங்கள். காய்ந்தபடி போட்டால் மாவின் ஈரத்தை அவை உறிஞ்சும். பாலுக்கு முன்பே, மாவோடு கலந்துவிட வேண்டும். பிறகு திணிக்கப் போனால் குழைத்ததாகிவிடும். உறைப்புப் பிரியர்கள் சீனியை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, பொடியாக அரிந்த பச்சை மிளகாய், கறிவேப்பிலை, 50 கிராம் துருவிய சீஸ் போடலாம். வெங்காயம் வேண்டுமானால் வதக்கி ஆறவைத்தே போடுங்கள், பச்சை வெங்காயம் தண்ணீர் விடும்.

அவன் இல்லாத வீடுகளும் இதை விட்டுவிடத் தேவையில்லை. ஸ்கொட்லாந்தில் ஸ்கோனை முதலில் கல்லில்தான் சுட்டார்கள், இன்றும் சுடுகிறார்கள். அதே மாவை ஒன்றேகால் சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாகத் தட்டி, ஆறு முக்கோணமாக வெட்டுங்கள். தடித்த தோசைக்கல்லை இளந்தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, ஒரு சிட்டிகை மா தூவிப் பாருங்கள். மெல்ல மெல்லப் பழுப்பானால் சரியான சூடு, உடனே கருகினால் கல்லை இறக்கி ஆற விடுங்கள். எண்ணெயைத் துணியால் தடவி, பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் சுட்டு, கடைசியில் ஓரங்களையும் நிறுத்திவைத்துச் சுடுங்கள். மூடி போடாதீர்கள், ஆவி பிடித்துத் தோல் பிசுபிசுக்கும். உயரம் குறைவாக இருக்கும், ஆனால் சூட்டோடு பட்டர் பூசிச் சாப்பிட இதையே அதிகம் விரும்புகிறவர்கள் உண்டு.

சுட்ட ஸ்கோனைக் கத்தியால் வெட்டாமல், நடு வெடிப்பில் கையால் பிரியுங்கள். இங்கிலாந்தில் ஜாமோடு தடித்த பாலாடையான குளொட்டட் கிறீம் வைப்பார்கள். டெவனில் கிறீம் முதல், கோர்ன்வாலில் ஜாம் முதல். இங்கே அந்தக் கிறீம் கிடைப்பது அரிது. அதற்கு நல்ல மாற்று தயிர்ச்சட்டியின் மேலே படிந்திருக்கும் ஆடை. எருமைப் பாலில் பசுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு உண்டு, அதனால்தான் அந்த ஆடை அவ்வளவு தடிப்பு. அதை வழித்தெடுத்து, மெல்லிய துணியில் கட்டி, பிரிஜ்ஜுக்குள் இரண்டு மூன்று மணித்தியாலம் நீர் வடியவிட்டால் கரண்டியில் நிற்கும். விளாம்பழ ஜாமின் புளிப்பு அதற்கு அருமையான சோடி. கித்துள் பாணியும் ஊற்றலாம், அப்போது மாவில் சீனியைப் பாதியாக்குங்கள்.

ஸ்கோன் சுட்ட அன்றே சாப்பிடுகிற பண்டம். மிஞ்சினால் ஆறியபின் இறுக்கமான டப்பாவில் வெளியே வையுங்கள். பிரிஜ்ஜில் வைத்தால் கெதியாகக் காய்ந்துபோகும். மறுநாள் 160 பாகையில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் போதும். விருந்தினர் வருகிற வீடென்றால் இரண்டு மடங்கு மா பிசைந்து, வெட்டிய துண்டுகளைச் சுடாமலே தட்டில் உறையவிட்டு, பிறகு பையில் கட்டிப் பிரீசரில் ஒரு மாதம்வரை வைக்கலாம். தேவையான நேரத்தில் இளக விடாமல் நேரே சூடான அவனுக்குள் வையுங்கள். மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக எடுக்கும்.