வயல் மண்ணில் உலோகம் சேர்ந்திருக்கிறதா? நெல் வைப்பவர்களுக்கு ஒரு செய்முறை

மியான்மரில் பெகு பக்கம் எங்கள் ஊரில், போன வெயில்கால நெல் அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது பக்கத்து வயல் மாமா என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு தம்பி" என்று ஒரு கதிரைக் காட்டினார். முற்றிய கதிர் தலை சாய வேண்டும். இது குத்திட்டு நின்றது. உருவிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். உரம் போட்டிருக்கிறார், தண்ணீரும் குறையவில்லை. வயலின் மறுகோடியில் நெல் நன்றாகவே விளைந்திருந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வந்து விழுகிற மூலையில் மட்டும்தான் இப்படி.

அந்த மூலையை வைத்து நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு மூங்கில் குச்சி, சுத்தமான பிளாஸ்டிக் வாளி, பி.எச். (மண்ணின் புளிப்பு அளவு) பார்க்கும் தாள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கடைசியில் ஆய்வுக்கூடக் கட்டணம் ஒன்று வரும்.

முதல் வேலை: வயலின் கதையைக் கேளுங்கள்

மண்ணைத் தோண்டுவதற்கு முன் பெரியவர்களிடம் பேசுங்கள். தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறதா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா? எத்தனை வருஷமாக? வரப்போரம் யாராவது பழைய பேட்டரி உடைத்தார்களா? மேலே எங்காவது சுரங்கம் இருக்கிறதா?

நம் நாட்டில் இந்தக் கேள்விகளுக்கு இடத்துக்கு ஒரு பதில். ஷான் மலையில் பவுட்வின் ஈயச் சுரங்கம், மொனிவா பக்கம் செம்புச் சுரங்கம் என்று இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் கழிவு கலந்த தண்ணீர் இறங்கும் வயல்களில் ஈயம், துத்தநாகம், காட்மியம், செம்பு பற்றிக் கேட்க வேண்டும். ஐராவதி டெல்டாவில் கதை வேறு. அங்கே ஆர்செனிக் என்ற நஞ்சை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலிலேயே அது இருக்கிறது. காற்றுப் படாத ஆழத்தில் தண்ணீரில் கரைந்து, குழாய் வழியாக மேலே வருகிறது.

எங்கள் வீட்டிலேயே கரண்ட் இல்லாத காலத்தில் 12 வோல்ட் பேட்டரிதான் விளக்குக்கு. செத்துப்போன பேட்டரியை மாட்டுக் கொட்டகைப் பின்னால் போட்டுவைப்போம். இன்று அந்த இடத்தில் கீரைகூட போட மாட்டேன். பேட்டரியில் இருக்கும் ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், நெல் மணிக்கு அதிகம் ஏறாது. ஆனால் அந்தத் தரையில் நெல் காயப்போட்டால் புழுதியாக ஒட்டிக்கொள்ளும், குழந்தைகள் கையிலும் ஒட்டும்.

இரண்டாவது: பயிரைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

உலோகத்தின் அடி முதலில் வேரில் விழும். சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு நாற்றையும் நல்ல இடத்தில் ஒரு நாற்றையும் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குட்டையாக, தடித்து, கிளை வேர் இல்லாமல் கறுத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வேரில் துருநிறப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். நெல் வேர் தன்னைச் சுற்றி இரும்புத் துருவைப் படியவைத்துக்கொள்ளும், அது ஓரளவு ஆர்செனிக்கைப் பிடித்தும் வைக்கும்.

மேலே தூர் குறைவு, வெளிறிய இலை, குட்டையான பயிர், கடைசியில் சாயாத கதிர், பதர். ஆனால் துத்தநாகம் பற்றாமல் போனாலும் இலையில் பழுப்புப் புள்ளி விழும். புளித்த மண்ணில் இரும்பு அதிகமானாலும் இலை வெண்கல நிறமாகும். சாயாத கதிருக்கும் வேறு காரணங்கள் உண்டு. இதைவிட முக்கியமான ஒன்று: காட்மியம் ஏறிய நெல் பார்வைக்கு அழகாகவே விளையும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் 'இத்தாய் இத்தாய்' நோய் வந்தது. ஆற்றில் சுரங்கக் காட்மியம் கலந்ததால் வந்த நோய் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. 'இத்தாய்' என்றால் 'வலிக்குதே' என்று அர்த்தம். பச்சையாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது: மண் எடுக்கும் முறை

இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் அது வயலின் மண் ஆகாது. துத்தநாகம் பூசிய தகர வாளியும் துருப்பிடித்த மண்வெட்டியும் வேண்டாம், அதன் உலோகமே மண்ணில் கலந்துவிடும். மூங்கில் அல்லது எவர்சில்வர் கரண்டி நல்லது.

வயலை இரண்டாகப் பிரியுங்கள்: தண்ணீர் விழும் மூலை தனி, மற்றது தனி. கிணற்றுத் தண்ணீரில் வரும் ஆர்செனிக் வாய்க்கால் வாயிலேயே அதிகம் படியும், உள்ளே போகப் போகக் குறையும். இரண்டையும் கலந்தால் உண்மை மறைந்துவிடும். ஒவ்வொரு பகுதியிலும் வளைந்து வளைந்து நடந்து 15 இடங்களில், மேல்மண்ணிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுங்கள். வாளியில் நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்திப் பையில் போட்டு, வயல் பெயர், மூலை, தேதி எழுதுங்கள். அறுப்பு நேரமாக இருந்தால் அதே இரண்டு இடத்து நெல்லிலும் கொஞ்சம் தனித்தனியே எடுத்துவையுங்கள். கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில்.

நான்காவது: வீட்டில் செய்யக்கூடிய இரண்டு சோதனை

ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரை பங்கு மழைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரைமணி நேரம் விட்டு, பி.எச். தாளை நனையுங்கள். மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் சுலபமாகக் கரைந்து வேருக்குப் போகும்.

அப்புறம் இரண்டு தட்டில் இரண்டு மண்ணையும் போட்டு, ஒரே விதையில் இருபது இருபதாக விதையுங்கள். பத்தாம் நாள் முளைத்ததை எண்ணி, வேரை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். இதில் உலோகத்தின் பெயர் தெரியாது. அந்த மூலையில் ஏதோ கோளாறு இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். மாமா வயல் மண்ணில் முளை குறையவில்லை, வேர்தான் நல்ல மண்ணில் வந்ததில் பாதி நீளம் இருந்தது.

ஐந்தாவது: ஆய்வுக்கூடம்

சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் பி.எச்.சும்தான் வரும். ஆர்செனிக், காட்மியம், ஈயம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அரிசிக்கு உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த எல்லை இருக்கிறது: தீட்டிய அரிசி ஒரு கிலோவில் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்செனிக் (கரிமம் சேராத வகை) 0.2 மில்லிகிராம். குடிதண்ணீர் ஒரு லிட்டரில் ஆர்செனிக் 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ஆறாவது: தண்ணீரை எப்படி வைப்பது

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் மொத்த வேலையின் உயிர். ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் தண்ணீர் முறையில் கை வைக்காதீர்கள்.

வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. அப்போது இரும்புத் துருவோடு ஒட்டியிருந்த ஆர்செனிக் கரைந்து வெளியே வரும், நெல்லும் மணலில் இருக்கும் சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் அதை உறிஞ்சிவிடும். காட்மியம் நேர்மாறு. தண்ணீர் நிற்கும்போது கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிக் கிடக்கும், வயலைக் காயவிட்டால் கிளம்பிவிடும். ஆக ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு விஷம்.

ஆர்செனிக் என்று வந்தால்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்சுங்கள். பூக்கும் நேரத்தில் மட்டும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஆற்று நீர், மழைநீர். உமியை வயலில் சேர்த்தால் அதிலுள்ள சிலிக்கா ஆர்செனிக்கோடு போட்டி போடும். அந்த மூலை வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள்.

காட்மியம் என்று வந்தால்: கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் தண்ணீர் நிற்கட்டும். சுண்ணாம்பு போட்டு பி.எச்.ஐ 6.5 பக்கம் கொண்டுவாருங்கள். எவ்வளவு போடுவது என்பது மண்ணைப் பொறுத்தது, வேளாண்மைத் துறை ஆளிடம் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். இரண்டுமே அதிகம் என்றால் தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்து மல்லுக்கட்ட வேண்டாம், அந்த மூலையைச் சாப்பாட்டு நெல்லிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மாமா வயலில் வந்தது ஆர்செனிக். இந்த வெயில்காலத்தில் அந்த மூலையில் அவர் நெல் வைக்கவில்லை, மற்ற இடத்துக்குக் குழாய் புதைத்திருக்கிறார்.

வீட்டில்

ஏற்கெனவே விளைந்ததை என்ன செய்வது என்று அத்தை கேட்டார். அரிசியை நன்றாகக் களைந்து, ஆறு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் வைத்து, வெந்ததும் கஞ்சியை வடித்துக் கொட்டுங்கள். கனிம ஆர்செனிக்கில் பாதியளவு அதோடு போய்விடும். நம் பாட்டிமார் வடித்த மாதிரிதான். ஆனால் உலை வைக்கும் தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது, ஜாடியில் பிடித்த மழைத்தண்ணீராக இருக்கட்டும். அந்தக் கஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.