தட்டில் நின்றது உடம்பில் நிற்குமா? மார்பகப் புற்றுநோய்ப் பரவலும் தாவர மருந்துகளும்

‘மஞ்சளில் உள்ள குர்குமின் மார்பகப் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கிறது’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், எங்கே தடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆய்வகத் தட்டில்தான்.

அந்தச் சோதனையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தட்டின் அடியில் செல்கள் பாய் விரித்தாற்போல் ஒட்டி வளர்ந்திருக்கும். பிப்பெட் முனையால் நடுவே ஒரு கோடு கீறுவார்கள். இரு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடப் பார்க்கும். மருந்து விட்ட தட்டில் கோடு மூடாமல் கிடந்தால் ‘பரவல் குறைந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். செல்கள் நகரவில்லையா, செத்தே போயினவா? இதைத் தனியாகச் சோதித்தார்களா என்று பார்க்காமல் நம்பிவிடக் கூடாது. அதோடு, நகர்வது பரவலில் ஒரு படிதான். ரத்த ஓட்டத்தில் பிழைத்து, எலும்பிலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ மூளையிலோ போய் வேர்விடுவதை இந்தத் தட்டு காட்டாது.

அளவை மறப்பது இன்னொரு தவறு. குர்குமினைக் குடல் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சிய கொஞ்சத்தையும் உடம்பு சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும். நாளுக்கு 8 கிராம் விழுங்கினாலும், தட்டில் வழக்கமாக ஊற்றும் செறிவு ரத்தத்தில் சேர்வதில்லை.

‘இயற்கைதானே, என்ன கெடுதல்?’ என்பார்கள். எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு இது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரை பெருமளவு வேலை செய்வது, கல்லீரலில் எண்டாக்சிஃபெனாக மாறிய பிறகுதான். குர்குமினோடு மிளகின் பைப்பரினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் எண்டாக்சிஃபென் குறைந்ததை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உறிஞ்சுதலைக் கூட்டவென்று பைப்பரின் கலந்த குர்குமின் மாத்திரைகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. மருத்துவரிடம் சொல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

அதற்காகச் செடிகொடி வைத்தியம் என்று மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். 1962இல் சேகரித்த பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்ததுதான் பாக்ளிடாக்சல். பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அதைப் பயன்படுத்த 1994இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. வினோரெல்பின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்கு மூலம் நித்தியகல்யாணிச் செடி. இதைக் கேட்டுவிட்டு யாராவது அதன் இலையைக் கஷாயம் வைத்தால், அது வெறும் விஷம். எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நரம்பு வழியாக ஏற்றும் மருந்தென்றால் மில்லிகிராம் கணக்கில் அளந்து தருவார்கள், வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்த டோஸ் ஏறும்.