எதிர் நாற்காலியில் உட்காருகிறவர் கவனத்துக்கு: எழுத்தாளர், நிபுணர் சந்திப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி பக்கம் இருக்கிற தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. எழுத்தாளரையோ டாக்டரையோ கோயம்புத்தூரிலிருந்தும் கூப்பிடலாம், திருச்சூரிலிருந்தும் கூப்பிடலாம். இரண்டுமே பஸ்ஸில் வந்து திரும்பக்கூடிய தூரம். ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், ஒரு ஹாலும் மைக்கும் எப்படியும் இருக்கும். 1945-ல் திருவிதாங்கூரில் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் பிறகு கேரளம் முழுக்கப் பரவியதன் பலன் அது. அவர் மறைந்த ஜூன் 19 இங்கே வாசிப்பு நாள். அதையொட்டி எங்காவது ஒரு மேடையில் இரண்டு நாற்காலி போட்டு, ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

வருகிறவர்கள் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் பல சந்திப்புகள் சப்பென்று முடிகின்றன. கூட்டம் கலையும்போது "நல்லாப் பேசினார்" என்பார்கள். என்ன பேசினார் என்றால் சொல்லத் தெரியாது. நான் பார்த்தவரை, இதில் பெரும்பங்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவருடையது.

முதலில் நேரம். வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, பஞ்சாயத்து மெம்பரின் வாழ்த்து. இங்கே அறிமுகம் தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை. விருந்தாளி கையில் மைக் வருவதற்குள் பாதிப் பேர் கடிகாரம் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். விருதுப் பட்டியலை நோட்டீஸில் அச்சடித்துவிடுங்கள், மேடையில் வாசிக்க வேண்டாம். பெயர், எந்த வேலை செய்கிறார், இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறார். மூன்று வாக்கியம் போதும்.

அடுத்தது, புத்தகத்தைப் படிக்காமல் போய் உட்காருவது. பின்னட்டையையும் முன்னுரையையும் மேய்ந்துவிட்டு வந்தவரை எழுத்தாளர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் அவரும் எல்லா ஊரிலும் சொல்கிற பதிலைத்தான் சொல்வார். "எழுதும் உத்வேகம் எங்கிருந்து வருகிறது?", "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" இந்த இரண்டுக்கும் உயிருள்ள பதில் வந்து நான் கேட்டதில்லை. "இது உங்கள் சொந்தக் கதையா?" என்பதும் அதே ரகம். ஆமாம் என்றால் வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள், இல்லை என்றால் யாரும் நம்பப் போவதில்லை.

எல்லையோர எழுத்தாளர் என்றால் கூடுதலாக ஒன்று காத்திருக்கும்: "நீங்கள் உங்களைத் தமிழர் என்று நினைக்கிறீர்களா, மலையாளி என்றா?" பாவம், ரேஷன் கார்டு ஆபீஸிலிருந்து இலக்கிய மேடை வரைக்கும் அவரை இந்தக் கேள்வி விடுவதில்லை. அதற்குப் பதில், பக்க எண் குறித்துக்கொண்டு போங்கள். "நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மாமியார் தமிழில் திட்டுகிறாள், மருமகள் மலையாளத்தில் பதில் சொல்கிறாள். அந்த இடத்தை எத்தனை தடவை மாற்றி எழுதினீர்கள்?" இப்படிக் கேட்டால் எழுத்தாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். மொழி, வீடு, அடையாளம் எல்லாம் அந்தப் பதிலுக்குள் தானாக வந்துவிடும். மூன்று இடம் குறித்து வைத்திருந்தால் ஒரு மணி நேரம் ஓடும். கதையின் முடிவை மட்டும் மேடையில் உடைத்துவிடாதீர்கள். வாசலில் புத்தகம் விற்க ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது

இதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பேர்போனது. கல்லீரல் பற்றிப் பேச ஒரு டாக்டர் வந்தால், கேட்கிறவர் இப்படி ஆரம்பிப்பார்: "டாக்டர், கள்ளு ரசாயனம் கலக்காத இயற்கைப் பானம், நம் பாட்டன் பூட்டன் குடித்தது, அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லதுதானே?" இதில் கேள்வி எங்கே இருக்கிறது? டாக்டர் மறுத்தால் ஊரோடு சண்டை, ஆமோதித்தால் பொய். மரியாதைக்குச் சிரித்துவிட்டு "எதுவும் அளவோடு இருந்தால்..." என்று இழுப்பார். மறுநாள் கள்ளுக்கடையில் 'டாக்டரே சொல்லிட்டார்' என்று பேச்சு.

இதையே இப்படிக் கேட்கலாம்: "மரத்திலிருந்து இறக்கியதும் இருக்கிற கள்ளுக்கும், சாயங்காலம் வரை வைத்த கள்ளுக்கும் என்ன வித்தியாசம்? கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" இப்போது டாக்டருக்குச் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. பானையில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுவது, நேரம் ஏற ஏற அது கூடுவது, எந்தக் குப்பியிலிருந்து வந்தாலும் ஆல்கஹாலைக் கல்லீரல் ஒரே விதமாகத்தான் உடைக்கிறது என்பது எல்லாம் வரும். குடி விஷயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையும் அவர் சேர்த்துச் சொல்லலாம். கேட்பவர்கள் அதை ஏற்கிறார்களா என்பது வேறு விஷயம். எதனால் அப்படிச் சொல்கிறார்கள் என்பதாவது காதில் விழுந்திருக்கும்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. "மதுவும் புகையிலையும் புற்றுநோய்ப் பட்டியலில் ஒரே பிரிவு" என்று டாக்டர் சொல்வார். உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதுபானங்களை 1988-லேயே முதல் பிரிவில் வைத்தது. 2015-ல் பதப்படுத்திய இறைச்சியும் அதே பிரிவுக்கு வந்தது. ஆனால் அந்தப் பிரிவு, ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. கேட்கிறவர் அந்த இடத்தில் "அப்படியென்றால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால், ஹாலில் உள்ள எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

சதவீதமும் அப்படித்தான். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று அந்த முகமை கணக்குச் சொன்னது. நூற்றில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கிற சிறிய வாய்ப்பு அதில் 18 சதவீதம் கூடுகிறது. ஆகவே சதவீதம் காதில் விழுந்ததும் "எதிலிருந்து?" என்று கேளுங்கள். 'இரண்டு மடங்கு' என்றாலும் அதே கேள்விதான். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வந்தால் அதுவும் இரண்டு மடங்குதானே.

ஊர்க் கணக்குத் தெரியாமல் உட்காருவது

வடகரப்பதி, எருத்தேன்பதி எல்லாம் மழை குறைந்த பூமி. நிலத்தடி நீரைப் பற்றிப் பேச ஒரு விஞ்ஞானி வந்தால் கூட்டம் நிச்சயம். முதல் கேள்வி தமிழ்நாடும் கேரளமும் தண்ணீர் பகிர்ந்துகொள்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் பற்றித்தான் வரும், அதுவும் கோபத்தோடு. 1970-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் புழை ஆற்றுக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும் என்பது கேள்வி கேட்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்லி, "அது அரசுகள் பேச வேண்டியது, இன்றைக்கு நம் கிணற்றுக்கு வருவோம்" என்று திருப்பிவிடலாம். தெரியாவிட்டால் சாயங்காலம் முழுக்க அதிலேயே போய்விடும். வந்த விஞ்ஞானி பாறை, நீரோட்டம் படித்தவர். வழக்குக்குப் பதில் சொல்ல வந்தவர் இல்லை.

அப்படித் திருப்பினால் கிடைக்கிற விஷயம் பெரிது. இந்தக் கிழக்குப் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் ஃப்ளூரைடு அதிகம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகிற வயதுப் பிள்ளைகள் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். மிக அதிகமாகப் பல வருஷம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். விஞ்ஞானி இதையெல்லாம் அழகாகச் சொல்லி முடிப்பார். கேட்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுவார். பின்வரிசையில் இருக்கிற அக்கா ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் "நாங்க நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த அக்காவுக்காகத்தான் நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். "கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகுமா?" என்று கேட்டாக வேண்டும். போகாது. கொதித்தால் கிருமி சாகும். ஃப்ளூரைடு உப்பு, அது தண்ணீரிலேயே நிற்கும். ஆவியாகித் தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கிற நல்கொண்டா முறை, ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி, ஆர்.ஓ. மூன்றும் குறைக்கும். இல்லையென்றால் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். "என் கிணற்றுத் தண்ணீரை எங்கே சோதிப்பது?" என்ற கேள்வியையும் விடாதீர்கள். சந்திப்புக்கு வந்ததற்கு அந்த ஒரு பதிலே போதும் என்கிறவர்கள் ஹாலில் பத்துப் பேராவது இருப்பார்கள்.

இதன் மறுபக்கம், பரபரப்புக்காக விஞ்ஞானிக்குப் பக்கத்தில், தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரையும் உட்காரவைத்து "இரண்டு தரப்பையும் கேட்போம்" என்பது. இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போட்டாலே பாதித் தீர்ப்பு சொல்லியாயிற்று. அதற்குப் பதில், தேங்காய் பற்றி விஞ்ஞானியிடமே மரியாதையாகக் கேளுங்கள். ஊர் நம்பிக்கையைக் கிண்டல் செய்யாமல் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

மொழி விஷயத்தில் இங்கே எல்லோரும் செய்வது, "மலையாளம் நம்மாட்களுக்குப் புரியும்" என்று விட்டுவிடுவது. சந்தை மலையாளம் புரியும், சீரியல் மலையாளம் புரியும். திருச்சூர்ப் பேராசிரியர் மேடையில் பேசுகிற மலையாளம், தமிழ் மீடியத்தில் படித்தவருக்குப் பாதிக்கு மேல் தாண்டாது. ஆனால் யாரும் கை தூக்கிச் சொல்லமாட்டார்கள். ஆகவே இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தமிழில் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் பேசவிட்டுச் சுருக்கம் சொல்லச் சொன்னால், 'ஒருவேளை', 'சிலருக்கு மட்டும்' எல்லாம் உதிர்ந்து, மொழிபெயர்ப்பாளரின் சொந்தக் கருத்துதான் மிஞ்சும். எண்களைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். காதால் கேட்ட மில்லிகிராம் வீட்டுக்குப் போவதற்குள் கிராம் ஆகிவிடும்.

மனநலம் என்றால் கூடுதல் கவனம்

மனநல மருத்துவரை மேடையில் வைத்துக்கொண்டு "சுவாரஸ்யமான கேஸ் ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்காதீர்கள். அவர் பெயரை மறைத்துத்தான் சொல்வார். ஆனால் சின்ன ஊரில் 'ரைஸ் மில்லில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள்' என்பதே முகவரிதான். கூட்டத்தில் யாராவது எழுந்து தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால், மென்மையாக நிறுத்தி, நிகழ்ச்சிக்குப் பிறகு தனியாகப் பேச வழிசெய்யுங்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் சொல்வது நாளைக்கு அவருடைய பெண்ணின் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும்.

தற்கொலை பற்றிப் பேச்சு வந்தால் எப்படி நடந்தது என்று விவரிக்க விடக்கூடாது. 'மார்க் குறைந்ததால்', 'மாமியார் திட்டியதால்' என்று ஒற்றைக் காரணத்தில் முடிச்சுப் போடவும் கூடாது. உதவி எங்கே கிடைக்கும் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டெலி மானஸ் எண் 14416; 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை, தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். அந்த எண்ணை மேடைக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

"யோகா செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். வந்தவர் யோகா ஆசிரியராக இருந்தால் பதில் எப்படியும் போகலாம். அப்போது நீங்கள் குறுக்கிட வேண்டும்: மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக்கூடாது. விருந்தாளியின் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் பரவாயில்லை.

கூட்டத்திலிருந்து கேள்வி வாங்கும் நேரத்தில் மைக் எப்போதும் முன்வரிசை ஆண்களிடமே சுற்றும், அவர்களும் கேள்வி கேட்காமல் உரை நிகழ்த்துவார்கள். துண்டுச் சீட்டு கொடுத்து எழுதி வாங்குங்கள். பெண்களின் கேள்விகளும் பிள்ளைகளின் கேள்விகளும் அப்போதுதான் வெளியே வரும், பல நேரம் அவைதான் நல்ல கேள்விகளாகவும் இருக்கும்.

பதிவு செய்வதைப் பற்றிச் சுருக்கமாக: மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற கிழக்குக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒலிப்பதிவில் காற்றுதான் பேசும். மூடுங்கள், ஃபேனையும் குறையுங்கள்.

பேசியதை எழுத்தாக்கும்போதுதான் சத்தமில்லாமல் பெரிய சேதம் நடக்கிறது. நிபுணர் "சில ஆய்வுகளில் அப்படித் தெரிகிறது, இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்லியிருப்பார். இடம் போதவில்லை என்று இரண்டாம் பாதியை வெட்டுவார்கள், தலைப்பு வைக்கிறவர் முதல் பாதியிலும் 'சில'வை எடுத்துவிடுவார். கடைசியில் நிபுணர் சொல்லாத ஒன்று அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும். வெட்டுவதென்றால் பாராட்டுகளை வெட்டுங்கள், 'இருக்கலாம்' என்பதை விட்டுவையுங்கள். அச்சுக்கு முன் எண்கள், மருந்துப் பெயர்கள், ஆட்களின் பெயர்கள் இவற்றை மட்டுமாவது பேசியவரிடம் அனுப்பிச் சரிபாருங்கள். கருத்தை மாற்ற அவர் கேட்டால் அது வேறு பேச்சு. பிழை என்று சொன்னால் திருத்தியே ஆக வேண்டும். வெளியான பிறகு பிழை தெரிந்தால் திருத்தத்தை மேலேயே, முதல் பத்திக்கு முன்பே போடுங்கள். கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர்கள் குறைவு.