ஷாப்லி லே க்ளோ: ஒரு பாட்டிலை எப்படி ருசிப்பது

நல்ல வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிக் குடித்தால் பாதி ருசி போய்விடும். விலை கொடுத்து வாங்கிய ஒயினுக்கு அப்படிச் செய்வது எனக்கு மனசே ஆறாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ஷாப்லி லே க்ளோ. பிரான்சில் பர்கண்டியின் வடகோடியில் இருக்கும் சின்ன ஊர் ஷாப்லி. அங்கே செரன் ஆற்றின் வலது கரையில் கிராண்ட் க்ரூ என்ற உச்சத் தரத்துத் தோட்டப் பகுதிகள் ஏழு அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் பெரியது லே க்ளோ, சுமார் 26 ஹெக்டேர். திராட்சை ஷார்டனே மட்டும்தான். குளிர் மிகுந்த ஊர், வசந்தத்தில் உறைபனி விழுந்தால் துளிர் கருகிவிடும்; 2021 ஏப்ரலில் அப்படித்தான் பெரிய அடி விழுந்தது. தென்மேற்கு பார்த்த இந்தச் சரிவில் மாலை வெயில் நன்றாக விழுவதால் பழம் முழுசாகப் பழுக்கிறது, குளிரால் புளிப்பும் குறையாமல் நிற்கிறது. அந்த இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் இந்த ஒயினின் உயிர்.

வாங்கும்போது தோட்டத்தின் பெயரோடு தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள், ஏனென்றால் லே க்ளோ பல குடும்பங்களுக்குப் பங்காக இருக்கிறது. லூயி மிஷெல் எஃகுத் தொட்டியில் செய்கிறார்கள், ஒயின் கூர்மையாக, சுத்தமாக இருக்கும். தோவிசா, ராவனோ இருவரும் பழைய ஓக் பீப்பாய்களில் வளர்க்கிறார்கள், அதில் சதைப்பற்று கூடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை, ஆனால் கிடைப்பது கஷ்டம், விலையும் எக்கச்சக்கம். எதுவானாலும் அறுவடையாகி ஐந்து வருஷமாவது ஆகியிருக்கட்டும், பத்து என்றால் இன்னும் நல்லது. இளசாக இருக்கும்போது லே க்ளோ வாயைத் திறக்காது.

திறப்பதற்கு அரைமணி முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், 12 டிகிரி பக்கம் வரட்டும். வெயில் காலமென்றால் பத்து நிமிஷமே போதும். இளம் ஒயினாக இருந்தால் ஒரு ஜாடியில் ஊற்றி ஒரு மணிநேரம் காற்றுப்பட விடலாம், வெள்ளை ஒயினுக்கு இது தேவையில்லை என்பவர்கள் பேச்சை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். வயிறு அகன்ற கிளாஸ், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

முதலில் கிளாஸை ஆட்டாமல் மோந்து பாருங்கள், அப்புறம் சுழற்றிவிட்டு மறுபடியும். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அதற்கடியில் ஈரக்கல்லும் சிப்பி ஓடும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். வயசான பாட்டிலில் தேனும் காய்ந்த புல்லும் சேரும். நனைந்த அட்டை நாற்றம் அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுங்கள். இந்த மண்ணில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய குட்டிச் சிப்பிகள் கல்லாகிக் கிடப்பது உண்மைதான், ஆனால் அந்த ருசி வேர் வழியாக நேராகப் பாட்டிலுக்கு வருவதில்லை. மண் செய்வது வேறு வேலை: களிமண் கலந்த அந்தச் சுண்ணாம்புத் தரை கொடிக்குத் தண்ணீரைத் தேக்கி அளவாகக் கொடுக்கிறது.

ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறும், அது புளிப்பின் வேலை. நடு நாக்கில் ஒரு கனம் தெரியும், லே க்ளோவுக்கு அந்தக் கனம் அதிகம். விழுங்கிய பிறகு சும்மா இருங்கள். உப்பு மாதிரி ஏதோ ஒன்று நிற்கும், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். வித்தியாசம் பிடிபட வேண்டுமென்றால் பக்கத்திலேயே அதே தயாரிப்பாளரின் சாதாரண ஷாப்லி ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள், எந்தப் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் சொல்லித்தராது.

கூடச் சாப்பிட வேகவைக்காத சிப்பி, வெண்ணெயில் வாட்டிய மீன், கொம்தே சீஸ், எதுவும் சரி. காரம் மட்டும் வேண்டாம். பாட்டிலை ஒரே நாளில் காலி பண்ணாமல் ஒரு கிளாஸ் மீதி வைத்து, கார்க்கை அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளம் பாட்டிலென்றால் மறுநாள் பெரும்பாலும் முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.